கேட் வாசலில் ஆடும் மூடி

2023 நவம்பர் 16, வியாழக்கிழமை இரவு. அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரத் தெருக்களில் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தின் முதல் பயிற்சி ஓட்டம் தொடங்கி எட்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. சாலைக்கு அடியில் இருக்கும் தண்ணீர் வால்வுக்குப் போட்டிருந்த மூடி ஒன்று பெயர்ந்து, கார்லோஸ் சைன்ஸ் ஓட்டிவந்த ஃபெராரியின் அடிப்பாகத்தைத் தாக்கியது. காரின் உடற்கூடு, எஞ்சின், மின்கலம் எல்லாம் சேதமாயின. பயிற்சி அத்துடன் நின்றது. பாதையில் இருந்த மற்ற மூடிகளைச் சோதித்துச் சரிசெய்து இரண்டாவது பயிற்சியைத் தொடங்கியபோது விடியற்காலை இரண்டரை மணி ஆகிவிட்டது. மின்கலத்தை மாற்ற வேண்டி வந்ததால், தன்மேல் எந்தத் தவறும் இல்லாத சைன்ஸுக்குப் பந்தயத்தில் பத்து இடம் பின்னால் நிற்கும் தண்டனையும் கிடைத்தது.

சோதனைக்குப் பிறகு சர்வதேச மோட்டார் கூட்டமைப்பு சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். மூடியைச் சுற்றியிருந்த கான்கிரீட் சட்டம்தான் விட்டுக்கொடுத்தது என்றார்கள்.

வீட்டு கேட்டைத் தாண்டும் கார் மணிக்கு ஐந்து, பத்து கிலோமீட்டர் வேகத்தில்தான் வரும். பந்தயக் காரின் அடியில் காற்றழுத்தம் வெகுவாகக் குறைவதால் மூடியை மேலே உறிஞ்சி இழுக்கும் விசை பிறக்கிறது. வீட்டுக் காருக்கு அந்த வலு கிடையாது. இருந்தும், கேட்டுக்கும் போர்டிகோவுக்கும் நடுவே குறுக்காக ஓடும் மழைநீர் வாய்க்காலின் கிரில் மூடி தளர்வது பெரும்பாலும் அதே இடத்தில்தான். அது உட்காரும் விளிம்பு முதலில் கெடுகிறது, மூடி பிறகு ஆடத் தொடங்குகிறது. கார் ஏறும்போதெல்லாம் 'டங்' என்று சத்தம் வந்தால், கிரில் போய்விட்டது என்று முடிவுகட்டி வெல்டிங் பட்டறைக்குப் போய்ப் புதிதாக ஆர்டர் கொடுப்பவர்கள் அதிகம். கெட்டுப்போன விளிம்பில் புது கிரில்லை வைத்தால், கொஞ்ச நாளில் அதே சத்தம் திரும்பிவிடும். செலவு மட்டும்தான் மிச்சம்.

குறுக்கு வாய்க்காலின் வேலை

தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மொட்டைமாடியில் விழும் தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கிவிடலாம். சிமென்ட் தளமோ டைல்ஸோ போட்ட வாசலில் விழும் தண்ணீர் அப்படி அடங்காது. சரிவைப் பார்த்துத் தெருவுக்கு ஓடிவிடும். அதை கேட் அருகிலேயே மடக்கிப் பிடித்து, உறை இறக்கிய கிணற்றுக்கு அனுப்பத்தான் பல வீடுகளில் குறுக்கு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். சென்னை போன்ற ஊர்களில் இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. சாலையைச் சுரண்டாமல் மேலுக்கு மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்து, வீடு தாழ்ந்துபோன இடங்களில், தெருத் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் முதல் அரணும் இந்த வாய்க்கால்தான்.

இது எவ்வளவு தண்ணீரைக் கையாள வேண்டும்? நூறு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் சேரும். அதாவது நொடிக்கு ஏறக்குறைய 1.4 லிட்டர். மண்ணும் சருகும் அடைக்காத வாய்க்காலுக்கு இது பெரிய வேலையில்லை. ஆனால் மூடி ஆடி, விளிம்பு உதிர்ந்து, அந்தக் காரைத்துண்டுகளே உள்ளே விழுந்து குவிந்தால் தண்ணீர் தேங்கத் தொடங்கும். தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிட்டு, வளர்ந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். மூடி ஆடுவதைச் சத்தத் தொல்லை என்று மட்டும் நினைத்து விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

கிரில் எவ்வளவு தாங்கும்?

ஒரு சிறிய காரின் எடை ஆளில்லாமல் 800 முதல் 1,000 கிலோ. பெரிய எஸ்.யூ.வி. என்றால் 1,600 முதல் 2,000 கிலோ. ஆட்களும் சாமான்களும் தனி. நான்கு சக்கரங்களும் பங்கிட்டுக்கொண்டாலும் ஒரு சக்கரத்தின் கீழ் 250 கிலோ முதல் 500 கிலோவுக்கு மேல் வரை இறங்கும். டயரின் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு இரண்டேகால் கிலோ அளவில் இருப்பதால், 350 கிலோ சுமக்கும் சக்கரம் சுமார் 150 சதுர சென்டிமீட்டர் பரப்பில்தான் தரையைத் தொடுகிறது. அந்தச் சிறு பரப்புக்குள் வரும் ஐந்தாறு பட்டைகள்தான் அத்தனை சுமையையும் வாங்கி இரு பக்க விளிம்புக்கும் கொண்டுசேர்க்க வேண்டும்.

அவற்றால் முடியுமா என்பதைச் சிறு கணக்கில் பார்த்துவிடலாம். பட்டறைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 25 மி.மீ. உயரமும் 5 மி.மீ. கனமும் உள்ள இரும்புப் பட்டை. அதை நிமிர்த்தி நிறுத்தி, மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்றாக வைத்து, 20 சென்டிமீட்டர் அகல வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டால், சக்கரத்தின் கீழ் வரும் ஆறு பட்டைகள் சேர்ந்து நடுவில் விழும் சுமார் ஒன்றரை டன்னை நிரந்தரமாக வளையாமல் தாங்கும். வீட்டுக் காருக்கு இது தாராளம். அதே பட்டைகளைப் படுக்கவைத்து வெல்டு செய்தால் தாங்கும் சக்தி ஐந்தில் ஒரு பங்காகிவிடும். 300 கிலோ தாண்டினாலே வளைந்து தொங்கும். விறைப்போ இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறைந்துபோகும். இரும்பும் அதேதான், எடையும் அதேதான். நிறுத்திய விதத்தில்தான் இத்தனை வேறுபாடு.

விறைப்பு, பட்டையின் உயரத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. 25 மி.மீ. பட்டைக்குப் பதில் 32 மி.மீ. பட்டை போட்டால் விறைப்பு இரு மடங்காகும். வாய்க்காலின் அகலம் கூடினால் அதே மும்மடிக் கணக்கு எதிர்த் திசையில் வேலை செய்யும்: 15 சென்டிமீட்டர் அகலத்தை 20 ஆக்கினால், அதே சுமைக்கு மூடி இரண்டேகால் மடங்குக்கும் மேலாக வளையும். அதனால் தாங்கும் பட்டைகள் எப்போதும் வாய்க்காலின் குறுகிய பக்கத்துக்குக் குறுக்கேதான் போக வேண்டும். பார்வைக்கு அழகாக இருக்கிறதென்று நீளவாக்கில் பட்டை ஓட்டுவது பெரிய பிழை. குறுக்கே ஓடும் பட்டைகளின் சந்து கார் போகும் திசையிலேயே அமைவதால், மெல்லிய சைக்கிள் சக்கரம் அதில் இறங்கிவிடக் கூடும். அதற்காகத்தான் இடையிடையே மெல்லிய கம்பிகளை எதிர்த் திசையில் வைத்துப் பற்றவைக்கிறார்கள்.

கடையில் ஆயத்தமாக வாங்குபவர்கள் தரக் குறியைப் பார்க்க வேண்டும். முன்வார்ப்புக் கான்கிரீட் மூடிகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 12592, மூடிகளை 2.5, 10, 20, 35 டன் என்று நான்கு வகையாகப் பிரிக்கிறது. ஐரோப்பாவின் இ.என். 124 தரநிலையில் ஏ15 என்பது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமான ஒன்றரை டன் வகை. பி125 என்பது நடைபாதைக்கும் கார் நிறுத்துமிடங்களுக்குமான பன்னிரண்டரை டன் வகை. ஒன்றரை, இரண்டு டன் காருக்கு எதற்கு இவ்வளவு பெரிய எண் என்று தோன்றலாம். வீடு மாற்றும் நாளில் சாமான் ஏற்றிய வண்டியும் அதே வாசல் வழியாகத்தான் வரும். அதோடு, ஓடிவந்து ஏறும் சுமை, நின்றபடி அழுத்தும் சுமையைவிட எப்போதும் கடுமையானது.

மூன்று போதும், நான்காவது தடுமாறும்

மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. நான்கு கால் ஸ்டூல் ஆடும். எந்த மூன்று புள்ளிகளையும் ஒரே தளம் தொட்டுவிடும். நான்காவது புள்ளியும் அதே தளத்தில் அமைய வேண்டுமானால் அளவு துல்லியமாக இருந்தாக வேண்டும் என்பதே காரணம். விறைப்பான செவ்வகக் கிரில்லும் இதே விதிக்கு உட்பட்டது. அதன் நான்கு மூலைகளில் மூன்றுதான் நன்றாகப் பதியும். நான்காவது, ஒரு மில்லிமீட்டரோ இரண்டோ தூக்கிக்கொண்டு நிற்கும். சக்கரம் அந்த மூலைமேல் ஏறியதும் அது இறங்கும், எதிர் மூலை எழும்பும். சக்கரம் நகர்ந்ததும் மறுபடி மாறும்.

சாலைப் பொறியாளர்கள் இந்த வடிவியலையே துணையாக்கிக்கொண்டதுண்டு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சாலைகளில் சதுர மூடியை மூலைவிட்டமாக இரண்டு முக்கோணங்களாகப் பிரித்து வார்த்திருப்பதைக் காணலாம். ஒவ்வொரு முக்கோணமும் மூன்று புள்ளிகளில் மட்டும் உட்காருவதால் லாரி ஏறினாலும் ஆடுவதில்லை. இ.என். 124 தரநிலையும் கனரக வாகனச் சாலைகளுக்கான மூடிகள் ஆடாமலும் சத்தம் எழுப்பாமலும் இருக்க மூன்று வழிகளைக் காட்டுகிறது: உட்காரும் பரப்பை இயந்திரத்தில் கடைந்து சமன்செய்வது, நெகிழும் மெத்தை வைப்பது, மூன்று புள்ளியில் நிறுத்துவது. வீட்டு வாய்க்காலுக்கு இயந்திரக் கடைசலுக்குப் போக முடியாது. மற்ற இரண்டும் கைக்கு எட்டும் வழிகள்தான்.

இரண்டு மில்லிமீட்டர் செய்யும் சேதம்

மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் வரும் சக்கரம், 20 சென்டிமீட்டர் வாய்க்காலை நொடியில் பதினான்கில் ஒரு பங்கு நேரத்தில் தாண்டிவிடுகிறது. இரண்டு மில்லிமீட்டர் உயரத்திலிருந்து தானாக விழும் பொருளுக்கு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் போதும். ஆக, சக்கரம் மேலே இருக்கும்போதே தூக்கிய மூலை கீழே மோதி முடித்துவிடுகிறது. மெல்ல ஏற்றும் சுமைக்கும் திடீரென ஏறும் சுமைக்கும் வேறுபாடு உண்டு. இடைவெளியே இல்லாவிட்டாலும் திடீர்ச் சுமை இரு மடங்கு வளைவை உண்டாக்கும் என்பது பொறியியல் மாணவர்கள் முதலில் படிக்கும் பாடம். நின்ற சுமைக்கு அரை மில்லிமீட்டர் வளையும் ஒரு பட்டைமேல் அதே சுமை இரண்டு மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், பாடநூல் கணக்குப்படி விளைவு நான்கு மடங்கு. காரில் டயரும் ஸ்பிரிங்கும் பெரும் பகுதியை வாங்கிக்கொள்வதால் அத்தனை மடங்கு வராது. என்றாலும் அதிர்ச்சியின் ஒரு பங்கு விளிம்பைச் சேர்ந்தே தீரும்.

அந்த அதிர்ச்சி எத்தனை முறை? கார் நாளைக்கு ஒருமுறை போய்த் திரும்பினால் சக்கரங்கள் எட்டு முறை வாய்க்காலைத் தாண்டுகின்றன. ஆண்டுக்கு 2,920 முறை.

அடி வாங்குவது பெரும்பாலும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் அகலமே உள்ள சிமென்ட் விளிம்பு. கான்கிரீட்டுக்கு அமுக்கத்தைத் தாங்கத் தெரியும். இழுவையைத் தாங்கும் சக்தி அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஓரத்தில் விழும் ஒவ்வொரு அடியும் அந்த முனையைப் பிய்த்து வெளியே தள்ளப் பார்க்கிறது. முதலில் மயிரிழை விரிசல் தோன்றும், பிறகு சில்லு பெயரும், அதன்பின் மூடிக்கு ஒரு பக்கப் பிடிமானமே இல்லாமல்போகும்.

தண்ணீர் இதை விரைவுபடுத்துகிறது. விளிம்புக்கும் அதில் பதித்த இரும்புச் சட்டத்துக்கும் நடுவே இறங்கிய தண்ணீர், சக்கரம் அழுத்தும்போது வேறு போக்கிடம் இன்றிப் பீறிட்டு வெளியேறும். போகும்போது நுண்மணலையும் அள்ளிக்கொண்டு போகும். கான்கிரீட் சாலைப் பலகைகளின் அடியில் நடக்கும் இந்த வேலையைச் சாலைத் துறையினர் 'பம்பிங்' என்கிறார்கள். மழைக்காலம் முழுக்க இப்படி நடந்தால் சட்டத்தின் அடியில் பொந்து விழுந்துவிடும்.

இன்னொரு பகை துரு. இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பெருக்கிறது. சிமென்ட்டுக்குள் புதைந்த ஆங்கிள் சட்டம் துருப்பிடித்தால், அந்தப் பெருக்கமே கான்கிரீட்டை உள்ளிருந்து பிளந்துவிடும். உப்புக்காற்று வீசும் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இது சீக்கிரமே நடக்கிறது.

இனி அந்தச் சத்தம். கடினப் பொருளோடு கடினப் பொருள் மோதினால் தொடும் நேரம் மிகக் குறைவு. அப்படிப்பட்ட மோதல் உயர் அதிர்வெண் ஒலிகளையும் கிளப்பிவிடும். மனிதக் காது நொடிக்கு 2,000 முதல் 5,000 வரை அதிரும் ஒலிகளைத்தான் மிகக் கூர்மையாகக் கேட்கிறது. இரும்பு, அதிர்வைத் தன்னுள் விழுங்காமல் நீண்ட நேரம் ஒலித்துக்கொண்டே இருக்கும் பொருளும்கூட. நடுவில் மெல்லிய ரப்பர் ஒன்று இருந்தால் தொடும் நேரம் நீள்கிறது, உயர் ஒலிகள் அடங்குகின்றன, எஞ்சிய அதிர்வும் ரப்பரில் வெப்பமாகிக் கரைகிறது.

தூக்கிப் பார்த்தால் தெரியும்

சரிசெய்யும் வேலை, கிரில்லைத் தூக்கிப் பார்ப்பதில் தொடங்குகிறது. ஒரு மீட்டர் நீளத் துண்டே பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும் என்பதால் இரண்டு பேர் சேர்ந்து, கொக்கி போட்டுத் தூக்குவது நல்லது. சந்தில் விரலை விட்டுத் தூக்கும்போது நழுவினால் விரல் நசுங்கும்.

தூக்கிய கிரில்லைத் திருப்பி வைத்து அதன் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விளிம்பில் உண்மையாகப் பதிந்த இடங்கள் மினுமினுப்பாக இருக்கும். உரசி உரசித் துரு தங்காமல் போன இடங்கள் அவை. எங்கே பெயின்ட்டோ கெட்டித் துருவோ கலையாமல் இருக்கிறதோ, அங்கே அது விளிம்பைத் தொடவே இல்லை. மூன்று மினுக்குகளும் ஒரு துருவேறிய மூலையும் தெரிந்தால் நோய் பிடிபட்டுவிட்டது. சந்தேகம் இருந்தால், சுத்தம் செய்த விளிம்பில் நீர்த்த சுண்ணாம்பை மெல்லியதாகத் தடவி, கிரில்லை இறக்கி, மேலே ஏறி நின்று, மறுபடி தூக்கிப் பார்க்கலாம். சுண்ணாம்பு ஒட்டிய இடம் பதிகிறது, ஒட்டாத இடம் பதியவில்லை. பட்டறைகளில் ஃபிட்டர்கள் நீல மை தடவிச் செய்யும் சோதனையும் இதே தத்துவம்தான்.

அடுத்த கேள்வி, கோணல் கிரில்லிலா விளிம்பிலா என்பது. விளிம்பின் நான்கு மூலைகளிலும் எதிரெதிராக இரண்டு நூல்களை இழுத்துக் கட்டினால் பதில் கிடைக்கும். நான்கு மூலையும் ஒரே தளத்தில் இருந்தால் நூல்கள் நடுவில் லேசாகத் தொட்டுக்கொள்ளும். இடைவெளி விட்டாலோ, ஒன்றையொன்று அழுத்தினாலோ விளிம்பு முறுக்கியிருக்கிறது. நடுவில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி என்றால், ஏதோ ஒரு மூலை நான்கு மில்லிமீட்டர் தவறியிருக்கிறது. ரசமட்டம் வைத்து எந்த மூலை என்று கண்டுபிடித்துவிடலாம். நூல் சரியாகத் தொட்டால் கோணல் கிரில்லில் இருக்கிறது; வெல்டிங் சூட்டில் முறுக்கிப்போன கிரில்கள் சகஜம். அதைப் பட்டறையில் தட்டி நிமிர்த்தவோ, குறைந்த மூலையில் சின்னத் தகடு வைத்துப் பற்றவைக்கவோ முடியும்.

நோய்க்கு ஏற்ற மருந்து

விளிம்பு உறுதியாக இருந்து, தூக்கல் இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் வேலை எளிது. வாய்க்காலையும் விளிம்பையும் நன்றாகச் சுரண்டிக் கழுவ வேண்டும். பல வீடுகளில் மூடியைத் தூக்கிப் பிடித்திருப்பதே அடியில் சிக்கிய ஜல்லிப்பொடிதான். பிறகு விளிம்பின் முழு நீளத்துக்கும் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் ரப்பர் பட்டை ஒட்டலாம். இயற்கை ரப்பர் வெயிலிலும் ஓசோனிலும் வெடித்துவிடும், ஈ.பி.டி.எம். அல்லது நியோபிரீன் வகை நீடிக்கும். நம் ஊரில் பழைய லாரி டியூபை வெட்டி வைக்கும் வழக்கம் உண்டு. அதில் நல்ல அறிவியல் இருக்கிறது: டியூப் செய்யப் பெரும்பாலும் பயன்படும் பியூட்டைல் ரப்பர் அதிர்வை விழுங்குவதில் கெட்டிக்காரன், எளிதில் மூப்படைவதும் இல்லை. ரப்பரை எங்கே அழுத்தினாலும் அதன் கன அளவு குறையாது, பக்கவாட்டில்தான் பிதுங்கும். அதனால் விளிம்பின் முழு அகலத்தையும் அடைக்காமல் கொஞ்சம் இடம் விட்டு ஒட்ட வேண்டும். ஒன்றுக்குமேல் ஒன்றாக அடுக்கிக் கனமாக்கினால் கிரில் மெத்துமெத்தென்று அசையத் தொடங்கும். ஆட்டம் வேறு வடிவில் திரும்பிவிடும்.

விளிம்பு உதிர்ந்துவிட்டால் ரப்பரால் பயனில்லை. தட்டிப் பார்த்துப் 'பொத்'தென்று ஒலிக்கும் பகுதி எல்லாவற்றையும் உளியால் கொத்தி எடுத்து, 'டக்'கென்று ஒலிக்கும் உறுதியான கான்கிரீட் வரை போக வேண்டும். மேலோட்டமாக அரை அங்குலக் கலவை பூசி மெழுகினால் முதல் மழைக்கே பெயர்ந்துவிடும். கொத்திய பரப்பைக் கழுவி, முதல் நாளே தண்ணீர் குடிக்கவைத்து, கலவை போடும்போது மேலே ஈரம் மட்டும் இருக்குமாறு விட வேண்டும். காய்ந்த பழைய கான்கிரீட், புதுக் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். அப்போது ஒட்டும் இடத்திலேயே சிமென்ட் இறுகத் தண்ணீர் இல்லாமல் போகும்.

கார் தினமும் ஏறும் இடத்தில் வெறும் சிமென்ட் விளிம்பை நம்புவதைவிட, எல் வடிவ ஆங்கிள் சட்டம் பதிப்பதே மேல். முப்பது சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கம்பிக் கால் பற்றவைத்து, அந்தக் கால்கள் கான்கிரீட்டுக்குள் நன்றாக இறங்கும்படி செய்ய வேண்டும். சட்டத்தின் மேல்மட்டம் தரையைவிட இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் சக்கரம் அதன் முனையில் இடிக்காது, தண்ணீரும் தடையின்றி இறங்கும். அனுபவமுள்ள கொத்தனார்கள் இங்கே ஒரு முறையைக் கடைப்பிடிப்பார்கள்: கான்கிரீட் போடும்போது கிரில்லைச் சட்டத்துக்குள்ளேயே வைத்து, இரு பக்கமும் அட்டைத் துண்டு செருகிவிடுவார்கள். கான்கிரீட்டின் அழுத்தத்தில் சட்டம் உள்ளே நெருக்காமலும் முறுக்காமலும் கிரில் காக்கும். இறுகியபின் அட்டையை உருவினால் தேவையான சந்து கிடைக்கும். சட்டத்தின் அடியில் குறுகிய பொந்து இருந்தால், சுருங்காத கிரௌட் கலவையை ஊற்றி நிரப்பலாம். சாதாரணக் கலவை காயும்போது சுருங்கி, மறுபடி இடைவெளி விட்டுவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டு மறுநாளே காரை ஏற்றுவது, செய்த வேலையைத் தாமே உடைப்பதற்குச் சமம். சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. ஏழு நாளில் அதன் 28 நாள் வலுவில் மூன்றில் இரண்டு பங்குதான் வந்திருக்கும். இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456, சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது ஏழு நாளும், சாம்பல் கலந்த சிமென்ட்டுக்கும் வெப்பமான வறண்ட சூழலுக்கும் குறைந்தது பத்து நாளும் ஈரம் காக்கச் சொல்கிறது. கடையில் வாங்கும் மூட்டைகளில் பெரும்பாலானவை சாம்பல் கலந்த வகை என்பதால் பத்து நாள் என்றே வைத்துக்கொள்ளலாம். ஈரச் சாக்கு போட்டுக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி, காரை வெளியே நிறுத்துவதுதான் வழி.

எந்தப் பொருளில் மூடி?

இரும்பும் கான்கிரீட்டும் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரே அளவில் விரிகின்றன. 40 டிகிரி வேறுபாட்டுக்கு ஒரு மீட்டர் இரும்பு அரை மில்லிமீட்டர்தான் நீளும். ஹெச்.டி.பி.இ. பிளாஸ்டிக் மூடியோ அதே வெப்பத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். காலையில் இறுக்கமாகப் பொருத்திய பிளாஸ்டிக் மூடி மதியம் நடுவில் வில்லாக எழும்பி நிற்பதன் காரணம் இதுதான். பிளாஸ்டிக் போட்டால் துண்டுகளுக்கு நடுவே சந்து விட்டே ஆக வேண்டும்.

இரும்பைத் துருவிலிருந்து காக்க, ரெட் ஆக்சைடும் பெயின்ட்டும் அடிப்பது சில காலம் உதவும். உரசும் இடத்தில் அது முதலில் போய்விடும். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் கால்வனைசிங் நீடிக்கும். ஐந்து மில்லிமீட்டரும் அதற்கு மேலும் கனமுள்ள இரும்புக்கு சதுர மீட்டருக்கு 610 கிராம் துத்தநாகம் ஏற வேண்டும் என்கிறது ஐ.எஸ். 4759, அது சுமார் 85 மைக்ரான் கனம். வெட்டுவதும் வெல்டு செய்வதும் முடிந்த பிறகே முக்க வேண்டும். முக்கியபின் வெல்டு செய்தால் அந்த இடத்துத் துத்தநாகம் எரிந்து, துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

பல பழைய வீடுகளில் துளை போட்ட சிமென்ட் ஸ்லாப் இருக்கிறது. அதற்கு ஓர் எச்சரிக்கை. கம்பி ஸ்லாபின் அடிப்பக்கமாக வைக்கப்பட்டிருக்கும். வளையும்போது இழுவை வருவது அங்கேதான். வாய்க்காலைச் சுத்தம் செய்துவிட்டு ஸ்லாபைத் தலைகீழாகப் போட்டால் கம்பி மேலே போய்விடும், கார் ஏறியதும் ஸ்லாப் பிளந்துவிடும். எது மேல்பக்கம் என்று பெயின்ட்டால் ஓர் அடையாளம் போட்டு வைப்பது விபத்தைத் தவிர்க்கும்.

ஆட்டம் போக வேண்டும் என்று கிரில்லைச் சட்டத்தோடு வெல்டு செய்து மூடிவிடுவது சிலர் செய்யும் வேலை. அதன்பின் வாய்க்காலைத் தூர்வார வழியே இருக்காது. வண்டல் முழுக்கக் கிணற்றுக்குப் போய் மழைநீர் ஊறும் கண்களை அடைத்துவிடும். இரண்டு மூலைகளில் போல்ட் போட்டு முடுக்கினால் போதும், தேவைப்படும்போது கழற்றலாம். போல்ட் எவர்சில்வராகவும் கிரில் கால்வனைஸ் செய்ததாகவும் இருப்பது நல்லது. இரு உலோகங்கள் ஈரத்தில் சேர்ந்தால் ஒன்று கரையும்; கரையும் உலோகத்தின் பரப்பு பெரிதாக இருந்தால் பாதிப்பு பரவலாகி மெதுவாகும். எவர்சில்வர் கிரில்லில் சாதாரண இரும்பு போல்ட் போட்டால் அந்தச் சின்ன போல்ட் வெகுவிரைவில் அரித்துப்போகும்.

சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. விளிம்பைக் கொத்துவது, சட்டம் வைப்பது, பத்து நாள் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் சேர்ந்து இரண்டு வாரம் பிடிக்கும். புரட்டாசி பிறந்ததுமே தொடங்கினால் ஐப்பசி அடைமழைக்குள் வேலை முடிந்திருக்கும். உங்கள் வாசலிலும் சத்தம் கேட்கிறது என்றால், புது கிரில்லுக்கு முன்பணம் கொடுப்பதற்குமுன் பழையதைத் தூக்கி, அடியில் இருக்கும் விளிம்பை ஒருமுறை பாருங்கள். அதைச் சரிசெய்தால் பெரும்பாலான வீடுகளில் பழைய கிரில்லே இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.